புது ரப்பர் மாட்டிய பிறகும்

தம்பி, வழக்கமாக உன் உடம்பு எப்படி, அங்கே குளிர் எப்படி, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன். இன்றைக்கு அதற்கு எனக்குப் பொறுமை இல்லை. இதை முழுதாகப் படித்துவிட்டு உடனே உன் பெண்டாட்டிக்குப் போன் போட வேண்டும், அவ்வளவுதான். போனிலேயே உன்னிடம் சொல்லிவிட எத்தனையோ தரம் வாயெடுத்தேன். ஒவ்வொரு தரமும் நீ முந்திக்கொண்டு, "அப்பா இருக்கீகல்ல, எனக்கென்ன கவலை" என்று சொல்லிவிடுகிறாய். அதற்கப்புறம் நான் எதைப் பேச? அதனால்தான் தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. மனசு ஒரு நிலையில் இல்லை.

நம் காரின் பெடல் ரப்பரிலிருந்து ஆரம்பிக்கிறேன். இதற்கா இத்தனை பீடிகை என்று அலுத்துக்கொள்ளாதே. கிளட்சிலும் பிரேக்கிலும் இரும்புத் தகட்டுக்கு மேலே வரிவரியாகக் கறுப்பு ரப்பர் ஒன்று மாட்டியிருக்குமே, அதுதான். காரைக் கழுவுகிறவர் அதைத் துடைப்பதில்லை, காரை வாங்குகிறவர் அதைக் குனிந்து பார்ப்பதில்லை. டயர் தேய்ந்தால் ரோட்டில் போகிறவன்கூடச் சொல்வான். அந்த ரப்பர் தேய்ந்தால் ஓட்டுகிறவன் கால்தான் சொல்ல வேண்டும். மில் வேன் ஓட்டிய காலமெல்லாம் நான் என் காலை நம்பித்தான் ஓட்டினேன். விடிந்தும் விடியாமலும் சேத்தூரிலிருந்தும் தளவாய்புரத்திலிருந்தும் வேலைக்கு வரும் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மில்லுக்கு வருவேன். ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து எல்லாரும் தூங்கிக்கொண்டு வருவார்கள். ஒருநாளும் ஒருத்தி தலைகூட முன்சீட்டில் இடித்ததில்லை. நான் வேலையை விட்டு வந்த அன்று அந்தப் பிள்ளைகள் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னது அந்த ஒன்றைத்தான். அதற்கு மேல் எனக்கு ஒரு பட்டமும் தேவைப்படவில்லை.

உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, வண்டியில் ஏறுமுன் செருப்பை வெளியே கழற்றச் சொன்னேன். "என்னப்பா, கோயிலுக்குள்ளயா போறோம்" என்று கேலி செய்தாய். எனக்கு அப்படித்தான். சோறு போடுகிற வண்டிக்குள் செருப்புக் காலோடு ஏற எனக்கு மனசு வராது. ஆனால் அது பக்தி மட்டும் இல்லை. வெறுங்காலை வைத்தால்தான் பிரேக் எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது, கிளட்ச் எந்த இடத்தில் விடுகிறது என்று பாதத்துக்குப் பிடிபடும். "கண்ணு ரோட்டப் பாக்கட்டும், கீழ உள்ளத கால் பாத்துக்கிடும்லே" என்று உன்னிடம் சொன்னதும் நான்தான். இப்போது பூட்ஸ் போட்ட காலோடு அங்கே மலையிலும் பனியிலும் பட்டாளத்து லாரி ஓட்டுகிறாய். ஓட்டு, உன் கால் நல்ல கால்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு உன் அம்மா காரைக் கழுவி, ஸ்டியரிங்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் மாலை போட்டாள். அத்தோடு விட்டிருக்கலாம். துணியில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு பெடல் ரப்பரையும் மினுமினுவென்று துடைத்துவிட்டாள். "எல்லாம் சாமிதான, இதுக்கு மட்டும் என்ன ஓரவஞ்சன" என்று அதற்கு ஒரு விளக்கமும் சொன்னாள். மறுநாள் உன் பெண்டாட்டி கவிதாவை ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செக்கப்புக்குக் கூட்டிப்போகும்போது, நம் பஜாரிலேயே ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னால் பிரேக்கை மிதித்தேன். கால் வழுக்கி ஓரத்துக்குப் போய்விட்டது. கார் நின்றது, நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. தள்ளுவண்டிக்காரர் திரும்பி, "என்ன பெரியவரே, கண்ணு தெரியலயா?" என்றார். என்னை அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவைப் பிடித்துக் கத்தினேன். "பிரேக்குல எண்ணெயத் தடவுன ஆளு இந்த ராஜபாளையத்துலயே நீ ஒருத்திதான். புள்ளத்தாச்சிய வச்சு ஓட்டுதேன், கொல்லப் பாக்கியா?" என்றேன். அவள் எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தருகிறவள், உனக்குத் தெரியும். அன்றைக்கோ, சோப்புத் தண்ணீரையும் பழைய துணியையும் எடுத்துக்கொண்டு போய், முட்டிவலியோடு கார்க் கதவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அந்த இரண்டு ரப்பரையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். எண்ணெய் தடவியது தப்புதான். பளபளப்புக்காக எதையும் பெடலில் பூசக் கூடாது, நீயும் நினைவில் வைத்துக்கொள். ஆனால் எண்ணெய் போய், ரப்பர் காய்ந்து, இரண்டு மழையும் பெய்து ஓய்ந்த பிறகும் என் கால் வழுக்கியது. அவளிடம் நான் இன்னும் அதைச் சொல்லவில்லை.

சரி, ரப்பர்தான் தேய்ந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். நல்ல வெளிச்சத்தில் கதவைத் திறந்துவைத்து, டார்ச்சும் அடித்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். இதை நீயும் எப்போதாவது செய்ய வேண்டும், அதனால் சொல்கிறேன். முதலில் துடைக்க வேண்டும், அழுக்கு இருந்தால் வரி இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. பிறகு கட்டைவிரலால் அழுத்தித் தடவ வேண்டும். வரி விரலில் தட்டுப்படாவிட்டால் அந்த ரப்பரின் காலம் முடிந்தது. நான்கு ஓரத்தையும் பார், கிழிந்திருக்கலாம். பிடித்துத் திருகிப் பார், தகட்டின் மேல் அது அசையக் கூடாது. நம் காரில் கிளட்ச் ரப்பர் மொழுமொழுவென்று ஆகியிருந்தது. பிரேக் ரப்பர் வலது பக்கம் மட்டும் தேய்ந்து, மூலையில் இரும்பு எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று துள்ளாத குறை. வீட்டுக்குள் இருந்த கவிதாவைக் கூப்பிட்டு, "பாத்தியாம்மா, இவன்தான்" என்று காட்டினேன். அவள் நிறைமாத வயிற்றோடு குனிய முடியாமல் குனிந்து பார்த்து, "போங்க மாமா, நான்கூட என்னமோன்னு பயந்துட்டேன்" என்று சிரித்தாள்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய், அவசரத்தில் "பிரேக் பேடு குடுங்க" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் சக்கரத்துக்குள் மாட்டுகிற பேடை எடுத்துவைத்தார். "இது இல்ல, கால் வைக்கிற எடத்துல வருமே" என்றேன். "பெடல் ரப்பர்னு சொல்லுங்க அண்ணாச்சி, நீங்களே இப்பிடிக் கேட்டா எப்பிடி" என்று சிரித்துவிட்டு, பிளாஸ்டிக் கவரில் போட்டு ஸ்டேப்ளர் பின் அடித்த ஜோடி ஒன்றைத் தந்தார். நானே மாட்டினேன். பழையதை ஓரத்தில் நெம்பி உரித்து, தகட்டில் இருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்து, புதுசைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, மேல் விளிம்பை முதலில் மாட்டி, மற்ற பக்கங்களைச் சுற்றிச் சுற்றி இழுத்துவிட்டேன். நான்கு பக்கமும் தகட்டின் பின்னால் மடங்கி உட்கார்ந்ததா என்று விரல் விட்டுப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தது. வேலையில் ஒரு பிசகும் இல்லை, தம்பி. அதுதான் என்னைக் கொல்கிறது.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது, ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்குகிற இடத்தில், கிருஷ்ணன்கோவிலுக்குப் போகிற காலேஜ் பஸ் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகளை ஏற்ற ஓரங்கட்டியது. தூரத்திலேயே பார்த்துவிட்டேன். பிரேக்கை மிதித்தேன், மிதித்ததாகத்தான் நினைத்தேன். கார் போய்க்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தால், என் கால் பிரேக்கில் இல்லை. பாதி கால் பெடலுக்குப் பக்கத்தில் வெறும் காற்றில் நின்றது. மறுபடி தூக்கி, இரண்டு காலையும் சேர்த்து ஏறி மிதித்தேன். பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஒரு பையன் வாயைத் திறந்துகொண்டு எங்களைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. கவிதா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், மறு கையால் தர்ஷியை இழுத்து அணைத்துக்கொண்டாள். உன் மகள் மட்டும், "தாத்தா, இன்னொரு தடவ" என்று கைதட்டினாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "டூப்ளிகேட் ரப்பரக் குடுத்துட்டாம்மா, அவன இன்னைக்குச் சும்மா விடப்போறதில்ல" என்றேன். கவிதா அதையும் நம்பினாள்.

அவர்களை வீட்டில் இறக்கிவிட்டு நேராகக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். மனுஷன் கோபப்படாமல் இறங்கி வந்து, என் சீட்டில் உட்கார்ந்து, பிரேக்கை நாலைந்து தரம் மிதித்துப் பார்த்தார். "நல்லாத்தான கெடக்கு அண்ணாச்சி. இதவிட என்ன பிடிமானம் வேணும்?" என்றார். எழுந்திருக்கப் போனவர் பெடலுக்குக் கீழே கிடந்த கால்மிதியைப் பார்த்துவிட்டு, "இதென்ன ரத்தம்?" என்று கேட்டார். புது ரப்பரின் வரிக்குள்ளும் காய்ந்தும் காயாமலும் ரத்தம் இருந்தது. என் வலது காலைத் தூக்கிப் பார்த்தால், பெருவிரலுக்குக் கீழே ஒரு பின் ஏறியிருந்தது. அந்த ரப்பர் வந்த கவரில் அடித்திருந்த அதே பின். கவரைக் கிழித்தபோது கால்மிதியில் விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு நான் வீட்டுக்குள் நடந்தேன், கடைத்தெருவுக்குப் போனேன், ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் வந்தேன். எனக்கு வலிக்கவே இல்லை. "சுகர் இருக்கா அண்ணாச்சி?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். "அதெல்லாம் கண்ட்ரோல்ல இருக்கு" என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து யாருக்கும் தெரியாமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். பழைய பிரேக் ரப்பரை நான் தூக்கிப் போட்டிருக்கவில்லை. அதைத் தரையில் வைத்தேன். புதுசைப் பெடலிலிருந்து கழற்றிவந்து அதன் பக்கத்தில் வைத்தேன். ஒன்று மொழுமொழு, ஒன்று வரிவரியாக. கையால் தொட்டால் ஒரு குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டையும் இடம் மாற்றி மாற்றி வைத்து, வலது காலை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தேன். எது பழசு, எது புதுசு? தெரியவில்லை, தம்பி. அழுத்திப் பார்த்தேன், தேய்த்துப் பார்த்தேன். மெத்தை மேல் நிற்பதுபோல இருந்தது, அவ்வளவுதான். ஒரு தரம் இது புதுசு என்று நிச்சயமாகச் சொல்லிக்கொண்டு கண்ணைத் திறந்தேன். காலுக்கடியில் வெறும் தரை இருந்தது. அப்போது அழுதேன். உன் தாத்தா செத்ததற்குக்கூட நான் அப்படி அழுததில்லை.

போன மாதம் கோயில் வாசலிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து நின்றதும் அப்போதுதான் விளங்கியது. "இன்னொன்ன யாருக்குத் தானம் குடுத்துட்டு வாரீக?" என்று உன் அம்மா வாசலில் நின்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். எந்த இடத்தில் கழன்றது என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. உடம்பு என்னிடம் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறது. நான் எண்ணெயைத் திட்டினேன், ரப்பரைத் திட்டினேன், கடைக்காரரைத் திட்டினேன்.

கவிதாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. உனக்கு லீவு கிடைக்குமா கிடைக்காதா என்பது உன் கையில் இல்லை, அதற்காக உன்னை நான் குறைசொல்ல மாட்டேன். எப்போது வலி வந்தாலும் அப்பா கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று நீ அங்கே நிம்மதியாக இருக்கிறாய். அவளும் இருக்கிறாள். "அடுத்த தடவ உன் தம்பிய வரச்சொல்லுவமா?" என்று ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "அய்யய்யோ, அவன் ஓட்டுனா புள்ள ரோட்டுலயே பெறந்துரும். நீங்க ஓட்டுனாத்தான் மாமா எனக்குத் தூக்கமே வருது" என்றாள். தர்ஷி பிறந்த அன்று அந்த வலியோடு அவளை ஒரு குலுங்கல் இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். அந்த நம்பிக்கையை அவள் எந்தக் கடையிலும் வாங்கவில்லை, நான்தான் கொடுத்தேன். இப்போது நானே எப்படித் திருப்பிக் கேட்பேன்? வழி இல்லாமல் இல்லை, தம்பி. தெருமுனையில் ஆட்டோ நிற்கிறது. கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வரும். அவள் தம்பி ஸ்ரீவில்லிபுத்தூரில் காரோடு இருக்கிறான், நிதானமாகத்தான் ஓட்டுவான். அந்த வழிகளையெல்லாம் மறித்துக்கொண்டு நிற்பவன் நான்.

என்னைப் பார்த்தாவது நீ புத்தியாகப் பிழைத்துக்கொள். வருஷத்துக்கு ஒருமுறை சுகர் பார்த்துக்கொள், நம் வம்சத்தில் அது இருக்கிறது. தினமும் பாதத்தைத் திருப்பிப் பார். சாமி கும்பிடுகிற நேரத்தில் பாதி போதும். ஒரு வேலை உன் கையைவிட்டுப் போகும்போது அதை உன் வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லப் பழகு. எனக்கு அது வரவில்லை. ஓட்டத் தெரியும் என்பதைத் தவிர எனக்கென்று வேறு என்ன இருக்கிறது? சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, பின் சீட்டில் மூட்டை மாதிரி உட்கார்ந்து வருகிற கிழவனாக நான் என்னைப் பார்த்ததே இல்லை. அதற்காக உன் பெண்டாட்டி பிள்ளைகளைப் பணயம் வைப்பேனா என்று நீ கேட்பாய். வைக்க மாட்டேன் என்று அடித்துச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை, பார்த்தாயா? காலையில் அவள் பையோடு வாசலில் வந்து நின்றால், என் கை தானாகச் சாவிக்குப் போய்விடும். எனக்கு என்னைத் தெரியும். அதனால்தான் உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன்.

நீ பட்டாளத்துக்காரன், உனக்கு உத்தரவு போடத் தெரியும். அவளுக்குப் போன் போட்டு, "அப்பா இனி ஸ்டியரிங்கத் தொடக்கூடாது, சாவிய நீ எடுத்து வச்சுக்க" என்று சொல். நான் குதிப்பேன். என்னை எவனும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று கத்துவேன். ரெண்டு நாள் சாப்பிடாமல்கூட இருப்பேன். கேட்காதே. இரங்காதே. "சரிப்பா, இந்த ஒரு தடவ" என்று மட்டும் சொல்லிவிடாதே. டாக்டரிடம் நான் போகிறேன், காலைக் காட்டுகிறேன், அது என் பொறுப்பு.

இன்றைக்குச் சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். தர்ஷிக்கு இப்போது பிடித்த விளையாட்டு, என் உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டுவது. அவள் விரலை வைப்பாள், நான் அலறிச் சிரித்துக் காலை இழுத்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நாளாகவே நான் அவள் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு அவள் கட்டிலுக்குக் கீழே குனிந்துகொண்டாள், கை தெரியவில்லை. இந்நேரம் தொட்டிருப்பாள் என்று ஒரு குத்துமதிப்பில் சிரிக்க ஆரம்பித்தேன். நன்றாகவே சிரித்தேன், காலைக்கூட இழுத்துக்கொண்டேன். அவள் கீழேயிருந்து எழுந்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "தாத்தா, நான் இன்னும் தொடவே இல்லையே" என்றாள்.

அடுப்படியிலிருந்து கவிதா, "மாமா, நாளைக்கு டாக்டர் வரச்சொன்னாங்கல்ல, எத்தன மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டாள். பேத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இதுதான் நேரம், இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொள்கிறது. "எட்டு மணிக்கு ரெடியா இரும்மா" என்று சொல்லிவிட்டேன், தம்பி.